சூடேறாத டீசல் எஞ்சின்: தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியலாமா, புதிது மாட்ட வேண்டுமா?

கேள்வி: குடமுருட்டி (பாபநாசம்)

அனைவருக்கும் வணக்கம். பாபநாசத்தை ஒட்டிய கிராமத்திலிருந்து நாள்தோறும் தஞ்சாவூருக்கு வேலைக்குச் சென்று வருகிறேன். என்னிடம் இருப்பது 2014ஆம் ஆண்டில் வாங்கிய 1.3 லிட்டர் டீசல் கார்; இதுவரை 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இந்த எஞ்சின் பல கம்பெனிக் கார்களில் பல பெயர்களில் வந்ததால் வண்டியின் பெயரை எழுதவில்லை. 1,248 சிசி என்று சொன்னாலே விவரம் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

மூன்று மாதங்களுக்கு முன்பு வரை லிட்டருக்கு 21 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி இப்போது 18ஐத் தாண்ட மறுக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கேட்கும் அந்தக் கடகடச் சத்தம் முன்பெல்லாம் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் அடங்கிவிடும். இப்போது தஞ்சாவூர் போய்ச் சேரும் வரை அடங்குவதில்லை. முதலில் டீசல் ஃபில்டரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. பிறகு எஞ்சின் லைட் எரிந்தது. பட்டறையில் ஸ்கேனர் மாட்டியபோது பி0128 என்ற பழுதுக் குறியீடு (கோடு) வந்தது. டெம்பரேச்சர் சென்சார் பழுது என்று சொல்லி அதை மாற்றினார்கள். ஒரு வாரம் லைட் அணைந்திருந்தது. எட்டாம் நாள் மறுபடியும் எரிந்தது.

பொறுமை இழந்து, கைப்பேசியோடு இணையும் சிறிய ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்றை நானே வாங்கி, ஒரு வாரம் எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மமான கூலன்டின் சூட்டைக் குறித்து வைத்தேன். வழியில் இருக்கும் ரயில்வே கேட் மூடியிருந்து, எஞ்சினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தால் சூடு மெல்ல ஏறி 76 பாகை வரை போகிறது. கேட் திறந்து, நான்கு வழிச் சாலையில் ஏறி எண்பதில் ஓட்டினால் ஐந்து நிமிடத்துக்குள் 62க்கு இறங்கிவிடுகிறது. ஏசி போட்டாலும் போடாவிட்டாலும் இதே கதைதான். டேஷ்போர்டில் இருக்கும் காட்டி மட்டும் எதுவுமே நடக்காதது போல நடுவிலேயே நிற்கிறது. அறுவடைக் காலத்தில் சாலை நெடுகக் காயப்போட்ட நெல்லின் மீதும் வைக்கோலின் மீதும் ஓட்டியதால் ரேடியேட்டரில் கருக்காய் அடைத்துக்கொண்டு இப்படி ஆகிறதோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.

எங்கள் பகுதியில் நல்ல பெயர் எடுத்த மெக்கானிக் ஒருவரிடம் இந்தக் குறிப்பைக் காட்டினேன். "கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கிறது. நம்ம ஊர் வெயிலுக்கு அந்தச் சாமானே தேவையில்லை. உள்ளே இருக்கும் வால்வை வெட்டி எடுத்துவிட்டு வெறும் கூட்டை மாட்டித் தருகிறேன். உங்களுக்குக் காசும் மிச்சம், எஞ்சினும் குளுகுளுவென்று ஓடும்" என்கிறார். அவர் அனுபவசாலி என்பதால் மறுத்துப் பேசவும் தயக்கமாக இருக்கிறது. அவர் சொல்வதைச் செய்யலாமா? புதிது வாங்கி மாட்டுவதென்றால் அதை நானே செய்ய முடியுமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஓடம்போக்கி (திருவாரூர்)

தம்பி, நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டிராக்டர், லாரி, கார் என்று டீசல் எஞ்சின்களோடு வாழ்ந்து, இப்போது பட்டறையைப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருப்பவன். உங்கள் மெக்கானிக் நோயைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார். மருந்தைத்தான் தவறாக எழுதிவிட்டார்.

முதலில் கருக்காய்ச் சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். ரேடியேட்டரின் தகடுகளுக்கு நடுவே கருக்காயும் வைக்கோல் தூசியும் அடைத்தால் காற்று புகாது. காற்று புகாவிட்டால் எஞ்சின் கொதிக்கும், குளிராது. எனவே உங்கள் வண்டியில் நடப்பது அதற்கு நேர் எதிரானது. அறுவடை முடிந்தபின் முன்பக்க கிரில் வழியாகக் குறைந்த வேகத்தில் தண்ணீர் அடித்துக் கழுவுவது நல்ல பழக்கம்தான், ஆனால் அது வேறு வேலை.

நீங்கள் குறித்து வைத்த எண்களே வழக்கைத் தீர்த்துவிட்டன. சென்சார் பொய் சொல்லியிருந்தால் ரயில்வே கேட்டில் ஏறி, சாலையில் இறங்கும் இந்த ஒழுங்கு இருக்காது. தாறுமாறாகக் குதிக்கும், அல்லது ஒரே எண்ணில் நின்றுவிடும். நிற்கும்போது ரேடியேட்டருக்குக் காற்று இல்லை, அதனால் சூடு ஏறுகிறது. ஓடும்போது எதிர்க்காற்று அடிக்கிறது, அதனால் இறங்குகிறது. அப்படியென்றால் கூலன்ட் எந்நேரமும் ரேடியேட்டருக்குள் போய்வந்துகொண்டிருக்கிறது என்றுதான் பொருள். 62 பாகையில் அது அங்கே போகவே கூடாது. தெர்மோஸ்டாட் என்ற கதவு சாத்தியிருக்க வேண்டும். பி0128 சொல்வதும் அதையேதான்: தெர்மோஸ்டாட் காக்க வேண்டிய அளவுக்குக் கூலன்ட் சூடேறவில்லை என்பதே அந்தக் கோடின் பொருள். சென்சாரை மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்திருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும். இரவு முழுவதும் நின்ற வண்டியில், விடியற்காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு ஸ்கேனரில் பார்த்தால், கூலன்ட் சூடும் உள்ளிழுக்கும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாகவே காட்ட வேண்டும். அப்படிக் காட்டினால் சென்சார் யோக்கியமானது.

தெர்மோஸ்டாட் என்பது மின்சாரமோ கம்பியோ இல்லாத ஓர் எளிய கதவு. அதன் வயிற்றில் ஒரு சிறு உலோகக் குப்பியும் குப்பிக்குள் மெழுகும் இருக்கும். குறித்த சூட்டில் மெழுகு உருகி விரிந்து ஓர் ஊசியைத் தள்ள, ஸ்பிரிங்கை எதிர்த்துக்கொண்டு வால்வு திறக்கும். சூடு குறைந்தால் மெழுகு சுருங்கி, ஸ்பிரிங் கதவைச் சாத்திவிடும். எந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கும் என்பது அதன் மீதே பொறித்திருக்கும். கார்களில் பெரும்பாலும் 82 முதல் 88 பாகைக்குள் வரும். முழுவதும் திறக்க அதற்கு மேல் பத்துப் பதினைந்து பாகை வேண்டும். குப்பி ஓட்டையாகி மெழுகு வெளியேறிவிட்டால் தள்ள ஆளில்லாமல் கதவு மூடியே கிடக்கும். எஞ்சின் கொதித்து, அதன் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் வரை போகும். வாய்ப்பகுதியில் உப்புப் பொருக்கோ துருவோ சிக்கினாலும் ரப்பர் தேய்ந்தாலும் உங்களுடையது போலத் திறந்தே கிடக்கும்.

இனி "நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்லை" என்ற பேச்சுக்கு வருகிறேன். இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. நம் பக்கத்தில் மார்கழி விடியலில் 20 பாகை, சித்திரை வெயிலில் 40 பாகை. எஞ்சினுக்குத் தேவையான 90க்கு இரண்டுமே குளிர்தான். ரேடியேட்டரை வடிவமைத்தவர் உச்சி வெயிலில், முழுச் சுமையோடு, ஏசியும் ஓட, மேட்டில் ஏறும் வண்டியை மனத்தில் வைத்து அளவெடுத்திருப்பார். நம் டெல்டாவிலோ மேடு என்று சொல்ல ஆற்றுப் பாலத்து ஏற்றத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது? சமதரையில், ஒற்றை ஆளோடு, எண்பதில் போகும் டீசல் எஞ்சின் எரிக்கும் எண்ணெய் மிகக் குறைவு. அது விடும் வெப்பமும் குறைவு. எதிர்க்காற்றோ முழு வேகத்தில் அடிக்கிறது. ஏலகிரி ஏறுகிறவருக்கு இருப்பதைவிட நமக்குத்தான் இந்தக் கதவு அதிகம் தேவை என்பது என் கணக்கு.

இதை நான் காரில் கற்கவில்லை, வயலில்தான் கற்றேன். ஐந்து குதிரைத்திறன் ஆயில் எஞ்சின் வைத்து இறைத்த காலத்தில், எஞ்சினைக் குளிர்விக்கப் பம்பின் டெலிவரிக் குழாயிலிருந்தே ஒரு சிறு குழாயைப் பிரித்து விடுவோம். புதிதாக எஞ்சின் வாங்கியவர் அதன் வால்வை முழுவதும் திறந்துவிட்டு, எஞ்சின் ஐஸ் போல ஓடுகிறது என்று பெருமைப்படுவார். இரண்டு போகம் முடிவதற்குள் புகை தள்ளும், ஆயில் குடிக்கும், சிலிண்டரின் உள்சுவரான லைனர் தேய்ந்திருக்கும். விவரமானவர் எஞ்சினிலிருந்து வெளியே கொட்டும் தண்ணீரில் விரல் வைத்துப் பார்ப்பார். விரல் பொறுக்காத சூடு வரும் வரை வால்வைத் திருகிக் குறைப்பார். அந்த விரலும் அந்தத் திருகலும் செய்த வேலையைத்தான் உங்கள் காரில் மெழுகுக் குப்பி செய்கிறது.

குளிர்ந்து ஓடும் எஞ்சினில், தெளிக்கப்படும் டீசல் முழுவதும் எரியாமல் சிலிண்டர் சுவரில் படிந்து, ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இறங்கும். எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரான இ.சி.யூ.வோ எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நம்பிக்கொண்டு, அதற்கேற்ற கணக்கிலேயே எண்ணெய் கொடுக்கும். உங்கள் மூன்று கிலோமீட்டர் மைலேஜ் அங்கேதான் போயிற்று. புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பும் இ.ஜி.ஆர். வால்வில் ஈரக்கரி அப்பும். 2014 வண்டி என்பதால் உங்களுக்குப் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டி.பி.எஃப். தொல்லை இல்லை, 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படியான டீசல் வண்டியாக இருந்தால், கூலன்ட் சூடேறாத நிலையில் அந்த ஃபில்டரில் சேரும் கரியை எரிக்கும் வேலையே ஒழுங்காக நடக்காது.

வால்வை வெட்டி எடுப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வாய்கள். ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே, கூலன்ட் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் குறுக்கு வழியை அடிப்பக்கத் தட்டு அடைக்கும். முழுவதையும் எடுத்துவிட்டால் அந்தக் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுநீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே எஞ்சினுக்குத் திரும்பும். சாதாரண நாளில் குளிர்ந்து ஓடும் அதே வண்டி, வேளாங்கண்ணித் திருவிழா நெரிசலில் ஐந்து பேரோடும் ஏசியோடும் ஊர்ந்தால் கொதிக்கும். மடையில் பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டால் தண்ணீர் நாம் நினைத்த வயலுக்கா போகும்?

புதிதாக வாங்கி மாட்டுங்கள். இந்த எஞ்சினில் அது ஹவுசிங்கோடு ஒரே உறுப்பாக வரும். பழைய உறுப்பில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டு, திறக்கும் சூடு ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 82ஐப் போட்டால் இன்னும் கூலாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள்.

பதில் 2: வடவாறு (தஞ்சாவூர்)

ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் முழுவதும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. என் தந்தையார் தஞ்சாவூரில் வாடகைக்கு ஓட்டிய டீசல் அம்பாசிடரில் தெர்மோஸ்டாட் இருந்ததே இல்லை. வாங்கிய முதல் கோடையிலேயே கழற்றிவிட்டார்கள். அந்த வண்டி திருநள்ளாறும் ராமேஸ்வரமும் எத்தனை முறை போய்வந்தது என்பதற்குக் கணக்கே கிடையாது. அன்றைக்கு ஸ்டாண்டில் நின்ற வண்டிகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் ஓடின. தெர்மோஸ்டாட் திறந்து சிக்கினால் மைலேஜ்தான் போகும். மூடிச் சிக்கினால் எஞ்சினே போகும். அந்தப் பயத்தில் அவர்கள் செய்ததை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியுமா?

பதில் 3: ஓடம்போக்கி

முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன், தம்பி. அந்த வண்டிகளில் நானே எத்தனையோ கழற்றி எறிந்திருக்கிறேன். அன்று கூலன்ட் என்று ஒன்றை யாரும் ஊற்றவில்லை, கிணற்றுத் தண்ணீர்தான். அந்த உப்பில் தெர்மோஸ்டாட் சிக்குவது நிச்சயம், எப்போது என்பதுதான் கேள்வி. சூட்டைப் பார்த்து எண்ணெய் அளக்க அந்த எஞ்சினில் கம்ப்யூட்டரும் இல்லை. உங்கள் தந்தையார் எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றினார், எத்தனை முறை ரிங்கும் போரும் செய்தார் என்று கேட்டுப் பாருங்கள். வண்டி ஓடியது உண்மை. எஞ்சினைப் பிரித்துப் பிரித்து ஓட்டினோம் என்பதும் உண்மை.

பதில் 4: உப்பளக்காற்று (வேதாரண்யம்)

நான் மெக்கானிக் இல்லை. சொந்த வண்டியைச் சொந்தமாகவே பார்த்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவன். சென்ற ஆண்டு இதே 1.3 எஞ்சினில் இதே வேலையைச் செய்தேன் என்பதால், கையில் எண்ணெய் பட்டவனாக எழுதுகிறேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முடியும் வேலைதான்; அவசரப்பட்டால் மட்டும் இரண்டு ஞாயிறு ஆகும்.

வேலை சனிக்கிழமை இரவே தொடங்குகிறது. எங்கள் ஊர் உப்புக்காற்றில் போல்ட் என்பது பெயருக்குத்தான் போல்ட். ஹவுசிங்கோடு உருகி ஒட்டியது போல இருக்கும். உங்கள் பக்கம் அவ்வளவு மோசம் இருக்காது, ஆனாலும் 1,40,000 கிலோமீட்டர் தொடாத போல்ட் என்பதை மறக்காதீர்கள். துரு இளக்கும் எண்ணெயை முந்தின இரவே அடித்து ஊறவிடுங்கள். காலையில் எடுத்த எடுப்பில் இடப்பக்கம் திருகாமல், முதலில் ஒரு மயிரிழை வலப்பக்கம் இறுக்கி, துருப்பிடிப்பு விட்ட ஒலி கேட்ட பிறகு கழற்றுங்கள். ஹெட் அலுமினியம், அதற்குள் இரும்பு போல்ட் முறிந்தால் ஞாயிற்றுக்கிழமை வேலை லேத் பட்டறை வேலையாகிவிடும். எனக்கு ஒன்று முறிந்தது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூடான எஞ்சினில் கூலன்ட் டாங்க் மூடியைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். மூடி பிடித்து வைத்திருக்கும் அழுத்தத்தால்தான் கூலன்ட் நூறு பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது, மூடியைத் திறந்த நொடியில் அது பொங்கும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரின் கீழ் ஹோஸை இறக்கிக் கூலன்டை ஒரு சுத்தமான தொட்டியில் பிடியுங்கள். தரையில் விடாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாயோ கன்றுக்குட்டியோ நக்கினால் சிறுநீரகம் போய்ச் சாகும். வாய்க்காலில் கொட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டே எஞ்சின் பக்கம் போனால், அது முடியும் இடத்தில் தெர்மோஸ்டாட் ஹவுசிங் இருக்கும். கை நுழைய வேண்டுமென்றால் ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்க வேண்டியிருக்கும். கழற்றும் முன் எந்த ஹோஸ் எங்கே போகிறது என்று கைப்பேசியில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹோஸ் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் ஸ்குரூடிரைவரை நுழைத்து நெம்பாமல், முறுக்கிச் சுழற்றி விடுவியுங்கள்; நெம்பினால் குழாயின் விளிம்பில் கீறல் விழுந்து, பிறகு எவ்வளவு இறுக்கினாலும் கசியும். சென்சார் கனெக்டரின் பூட்டு வெயிலில் காய்ந்த ஓலை போல இருக்கும். பூட்டை அழுத்தி எடுக்க வேண்டும், கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது.

பழைய கேஸ்கெட்டின் மிச்சத்தைச் சுரண்ட இரும்பு பிளேடு வேண்டாம். பழைய ஏடிஎம் கார்டு போதும். புது கேஸ்கெட்டோ ரப்பர் வளையமோ கூடவே வரும். அதற்கு மேல் பசையை அள்ளி அப்புவது நம் ஊர் வழக்கம், அதை விட்டுவிடுங்கள். பிதுங்கி உள்ளே போகும் பசை உதிர்ந்து, புதுத் தெர்மோஸ்டாட்டின் வாயிலேயே சிக்கும். தெர்மோஸ்டாட் தனியாக வரும் எஞ்சின்களில் அதன் விளிம்பில் ஆடும் சிறு ஊசி ஒன்று இருக்கும். காற்று வெளியேறுவதற்கான வழி அது, எனவே அது மேல்பக்கம் இருக்குமாறு வைக்க வேண்டும். போல்ட்களை ஒன்று மாற்றி ஒன்றாக, சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் நம் டெல்டாக்காரர்கள் தோற்கிறோம். எங்கள் பக்கத்தில் போர்த் தண்ணீர் உப்பு. உங்கள் பக்கத்தில் குடிக்க நன்றாக இருந்தாலும், வெந்நீர்க் குடத்தின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பாருங்கள், அதேதான் எஞ்சினுக்குள்ளும் படியும். கலந்து வரும் கூலன்ட் வாங்கினால் அப்படியே ஊற்றலாம்; கெட்டியாக வருவதானால் டிஸ்டில்டு வாட்டரில் சரிபாதி கலக்க வேண்டும். பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறம் வெறும் சாயம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டிக் கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கிறதோ அதுதான். இரண்டு வகையைக் கலந்தால் சேறு போலத் திரிவதும் உண்டு.

ஊற்றும்போது மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டால் குமிழ்கள் வெளியேறும். எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை சுற்றி அணையும் வரை அருகிலேயே இருங்கள். டீசல் எஞ்சின் நின்ற நிலையில் சூடேற நேரம் பிடிக்கும். அதுவரை மேல் ஹோஸ் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுட வேண்டும். அந்தச் "சட்டென்று" வந்தால் கதவு வேலை செய்கிறது.

மறுமொழி: குடமுருட்டி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓடம்போக்கி ஐயா சொன்ன விடியற்காலைச் சோதனையை முதலில் செய்தேன்: கூலன்ட் 27, உள்ளிழுக்கும் காற்று 28. மாற்றிய சென்சாரில் குறையில்லை. கழற்றி எடுத்த பழைய சென்சாரிலும் இருந்திருக்காது என்று இப்போது நினைத்து வருத்தப்படுகிறேன். தஞ்சாவூர்க் கடையில் 88 என்று பொறித்த உறுப்பை வாங்கி, சென்ற ஞாயிற்றுக்கிழமை நானே மாற்றினேன். போல்ட்கள் முறியாமல் வந்தன. முந்தின இரவு ஊறவிட்டதற்கு உப்பளக்காற்று அண்ணனுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

மாட்டுவதற்கு முன் பழையதையும் புதியதையும் அடுப்பில் வைத்துப் பார்க்கும் ஆசை வந்தது. அம்மா தன் பாத்திரம் எதையும் தர முடியாது என்று சொல்லிவிட்டதால், பெயின்ட் கலக்கிய ஒரு பழைய அலுமினிய வாளியில் தண்ணீர் ஊற்றி, கொல்லையில் செங்கல் அடுப்பு மூட்டினேன். இரண்டையும் அடியில் படாமல் கம்பியில் தொங்கவிட்டு, புதியதன் வால்வைக் கொஞ்சம் அழுத்தி ஒரு நூலைக் கவ்வக் கொடுத்தேன். தண்ணீர் 87ஐத் தொட்டபோது நூல் தானாக நழுவி விழுந்தது. தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபோது வால்வு ஒரு சுண்டுவிரல் அகலம் திறந்திருந்தது. பழையதில் நூலே நிற்கவில்லை. பச்சைத் தண்ணீரிலேயே அதன் வாயில் ஒரு நெல்மணி நுழையும் இடைவெளி இருந்தது. உள்ளே பார்த்தால் வெள்ளைப் பொருக்கு ஒன்று விளிம்பில் அப்பிக் கிடந்தது. இரண்டாண்டுகளுக்கு முன் ஹோஸ் வெடித்தபோது வழியில் ஒரு டீக்கடையில் வாங்கி ஊற்றிய தண்ணீர் நினைவுக்கு வந்தது. அதை மாற்றாமலே ஓட்டிவந்த குற்றம் என்னுடையது.

ஒரு தவறும் செய்தேன். அவசரத்தில் கூலன்டை வேகமாக ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். பதினைந்து நிமிடத்தில் ஸ்கேனரில் 104 காட்டியது, ஃபேன் சுற்றவில்லை, ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. கை கால் நடுங்க எஞ்சினை அணைத்தேன். புதுச் சாமானும் பழுதோ என்று பயந்து ஐயாவுக்குத் தனிச் செய்தி அனுப்பினேன். உள்ளே காற்று அடைத்திருக்கிறது, மூடியைத் தொடாமல் மாலை வரை ஆறவிடுங்கள் என்றார். மாலையில் திறந்து பார்த்தபோது மட்டம் ஒரு லிட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. மெல்ல ஊற்றி, ஹோஸை அமுக்கி, முன்சக்கரத்தைச் சிறிது மேடான இடத்தில் ஏற்றி வைத்து ஓடவிட்டபோது ஹீட்டரில் அனல் வந்தது. ஃபேனும் இரண்டு முறை சுற்றி அணைந்தது.

இப்போது ரயில்வே கேட்டில் நின்றால் 93, சாலையில் எண்பதில் ஓடினால் 89. சத்தம் ஊர் எல்லையிலேயே அடங்கிவிடுகிறது. இரண்டு டாங்க் டீசலுக்குப் பார்த்ததில் மைலேஜ் 20.5 வந்திருக்கிறது. எங்கள் மெக்கானிக்கிடம் அந்தப் பழைய உறுப்பைக் கொண்டுபோய்க் காட்டினேன்; திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கழுவினால் இதுவே ஓடும் போலிருக்கிறதே" என்றார். கேன் ஒன்றில் ஐந்து லிட்டர் பழைய கூலன்ட் இருக்கிறது, அதை என்ன செய்வது என்பது மட்டும் தெரியவில்லை.

பதில் 5: உப்பளக்காற்று

கேனின் மீது விஷம் என்று பெரிதாக எழுதி, பிள்ளைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். கழிவு ஆயிலை மறுசுழற்சிக்கு அனுப்பும் பெரிய சர்வீஸ் சென்டர்களில் பழைய கூலன்டையும் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள்; கொடுக்கும்போது ஆயிலோடு கலக்காமல் தனியாகவே கொடுக்க வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியபின், எஞ்சின் ஆறியிருக்கும்போது, ஹோஸ் கிளிப்புகளை ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். அடுத்த முறை காலையில் மூடியைத் திறக்கும்போது மட்டம் இறங்கியிருந்தால் எழுதுங்கள்.

பதில் 6: ஓடம்போக்கி

கழுவினால் ஓடும் என்பதை நம்பி அதை மறுபடி எந்த வண்டியிலும் மாட்டிவிடாமல், தம்பி, அதைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: மூன்று மாதம் குளிர்ந்து ஓடிய எஞ்சின் என்பதால் சம்ப்பில் டீசல் கலந்திருக்கும். ஆயில் மாற்ற இன்னும் எத்தனை கிலோமீட்டர் இருந்தாலும் பார்க்காமல், இந்த வாரமே ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். மாற்றும் முன் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள், வாடையிலேயே தெரியும்.